தாப்பா மலையிறக்கச் சூட்டில் பிரேக் லைனிங்கை எந்தப் பசை பிடித்து நிற்கும்?

தாப்பா_பட்டறை எழுதியது:

வணக்கம். மலேசியாவின் தாப்பாவில் அப்பாவும் நானும் சிறிய வாகனப் பட்டறை ஒன்றை நடத்திவருகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் டிராக்டர்கள், செம்பனைக் குலை ஏற்றும் சிறு லாரிகள், கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் காய்கறி வேன்கள் எல்லாம் எங்களிடம் வரும்.

பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் என்று ஒரு காய்கறி வேன் வந்தது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளையான டிரம்மைக் கழற்றினால், அதை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த எஃகு ஷூ ஒன்றின் லைனிங், அதாவது உரசும் மேலடுக்கு, மொத்தமாகக் கழன்று இரண்டு துண்டாக உள்ளே கிடக்கிறது. ரிவிட் அடித்த வகை அன்று, பசையால் ஒட்டிய வகை. பழைய ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தரும் கடையில், வேறோர் ஊரில், வாங்கியிருக்கிறார். "ஃபீனாலிக் பசை, 200 டிகிரி தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். 200 டிகிரி தாங்கும் பசை ஏன் விட்டது? அடுத்தது, வேன்காரர் இரண்டு குழாய் எப்போக்சியை வாங்கி வந்து, "இது இரும்பையே ஒட்டும், இதை வைத்து ஒட்டிக் கொடு" என்கிறார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் வேன்காரர் ஒப்புக்கொள்ளும்படி காரணம் சொல்ல வேண்டும்.

மலைச்சாலை_லாரி எழுதியது:

தம்பி, அப்பா பேச்சைக் கேளுங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் 59ஆம் எண் சாலையில் காய்கறி ஏற்றி இறங்குகிறவன் நான். ரிங்லெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும், லாத்தா இஸ்கந்தர் அருவி வருவதற்கு முன்பே, முன்னால் போகும் வண்டியின் பிரேக் கருகும் வாடை வந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்காமல், பலர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள்.

எங்கள் பெரிய லாரிகளில் லைனிங்கை ரிவிட் அடித்துத்தான் பொருத்துவார்கள். வேன்களில் பசைதான். கழன்ற லைனிங் டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால், வளைவில் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வேன்காரர் எனக்கு எதிரே வரக்கூடியவர். எனக்கும் இதில் அக்கறை உண்டு.

வேதியியல்_ஆசிரியை எழுதியது:

தம்பி, வேன்காரருக்குச் சொல்ல முதலில் ஒரு கணக்கு. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். தாப்பா கிட்டத்தட்ட அடிவாரம். சரக்கோடு இரண்டரை டன் எடையுள்ள வேன் ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல் 3 கோடியே 40 லட்சம் ஜூல். நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் எஞ்சினிலும் செலவாகும். மீதி முழுவதும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாக இறங்கியாக வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மின் உரசும் முகம் 300 டிகிரியைத் தாண்டக்கூடும். லைனிங் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் பசை அடுக்கு அதைவிடக் குறைவான சூட்டில் இருக்கும். ஆனாலும் 100, 150 என்று ஏறிவிடும்.

அறைச் சூட்டில் இறுகும் சாதாரண எப்போக்சி பெரும்பாலும் 50 முதல் 80 டிகிரிக்குள் கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து நெகிழத் தொடங்கும். பட்டறை மேசையில் இரும்பையே பிடித்து நிற்பது உண்மைதான். அதே இரும்பை 120 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரே புரிந்துகொள்வார்.

எல்லா எப்போக்சியும் இப்படியில்லை. அடுப்பில் வைத்து இறுக்கும் எப்போக்சிகள் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அவர் கையில் இருப்பது அதுவன்று.

பலகை_ஆலை எழுதியது:

நான் ஒட்டுப்பலகை ஆலையில் வேலை செய்கிறேன். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பலகைக்கு நாங்கள் பூசுவதும் ஃபீனாலிக், அதாவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசைதான். அடர் பழுப்பு நிறம், காரம் சேர்த்தது. சூட்டு அழுத்தியில் 130, 140 டிகிரியில் இறுகும். பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கான பழைய பிரிட்டிஷ் அளவுகோல். அறைகலனுக்குப் பயன்படும் யூரியா பசை அந்தச் சோதனையில் நிற்காது.

எங்கள் பசையை இரும்புக்குப் பூசினால் என்ன? கேள்வி எனக்கே உண்டு. டீச்சர் சொல்லட்டும்.

வேதியியல்_ஆசிரியை எழுதியது:

நல்ல கேள்வி. இந்த இழையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீனால் மூலக்கூறில் ஃபார்மால்டிஹைடு வந்து பிடிக்க மூன்று இடங்கள் உண்டு. ஒரு கார்பன் அணு பாலமாக நின்று ஒரு வளையத்தை அடுத்த வளையத்தோடு இணைக்கும். மூன்று பக்கமும் பாலம் போட்டால் எல்லாத் திசையிலும் பின்னிய வலை கிடைக்கும். ஒருமுறை பின்னிவிட்டால் அது திரும்ப உருகாது. 1907இல் லியோ பேக்லண்ட் காப்புரிமை கோரிய பேக்லைட் இந்த வலைதான். காற்றில்லாத இடத்தில் 800 டிகிரிக்கு மேல் சுட்டாலும் பாதிக்கு மேல் கரியாக நின்றுவிடும். விண்வெளியிலிருந்து திரும்பும் கலன்களின் வெப்பக் கவசத்தில் ஃபீனாலிக் பிசின் இருப்பது அதனால்தான். 2006இல் வால்மீன் தூசியோடு பூமிக்குத் திரும்பிய ஸ்டார்டஸ்ட் கலனின் கவசம், கார்பன் இழையில் ஃபீனாலிக் ஊறவைத்தது.

இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய வலை வளையாது. அதுதான் குறை. மரத்துக்கு அது பெரிய தடையில்லை. பசை மரநாரின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கிறது, மரமும் சற்றே விட்டுக்கொடுக்கிறது. இரும்பு விட்டுக்கொடுக்காது. சூடேறினால் எஃகு ஓர் அளவு விரியும், லைனிங் வேறோர் அளவு விரியும். அந்த வேறுபாடு முழுவதும் விளிம்பில் பசையை உரித்தெடுக்கப் பார்க்கும். கலப்பில்லாத ஃபீனாலிக் உரிக்கும் விசையில் பொட்டென்று விரிசல் விடும். பிரேக்கின் அதிர்வு அந்த விரிசலை உள்ளே ஓட்டிச் செல்லும்.

ஆகவே வளையக்கூடிய துணை ஒன்றை அதோடு சேர்க்கிறார்கள். மாற்றியமைத்த ஃபீனாலிக் என்று பெயர். எந்தத் துணை என்பதைப் பொறுத்துத்தான் பசையின் குணம்.

பாலிவினைல் ஃபார்மால், பாலிவினைல் பியூட்டிரால் போன்ற நெகிழிகளைச் சேர்த்தால் உரிதலைத் தாங்கும் அருமையான பசை கிடைக்கும். ஆனால் அந்தத் துணையே 80, 100 டிகிரி வாக்கில் நெகிழ்ந்துவிடும். சோவியத் ஒன்றியத்தில் பி.எஃப்-2, பி.எஃப்-4 என்ற பசைகள் இந்தப் பியூட்டிரால் வகை. அதே குடும்பத்து பி.எஃப்-6ஐச் சிறு காயங்களின் மேல் பூசவும் பயன்படுத்தினார்கள்.

நைட்ரைல் ரப்பரைச் சேர்த்தால் வளைவும் கிடைக்கும், எண்ணெய்க்கும் அசையாது. நீண்ட காலம் 150 டிகிரிக்கு மேலும், சிறிது நேரம் அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். நம் நாட்டுக் கையுறை ஆலைகள் பயன்படுத்துகின்றனவே, அந்த நைட்ரைல் இனம்தான். நம் தோட்டத்துப் பால்மரத்து ரப்பர் இதற்கு ஆகாது. எண்ணெயில் ஊதிவிடும், சூட்டில் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். பிரேக் லைனிங் ஒட்ட உலகெங்கும் நிலைத்துவிட்ட குடும்பம் இந்த நைட்ரைல்-ஃபீனாலிக். ரப்பரும் ஃபீனாலிக்கும் சேர்ந்த பசையைக் கொண்டு கிரைஸ்லர் நிறுவனம் ரிவிட் இல்லாத லைனிங்கை 1949இல் தன் கார்களில் கொண்டுவந்தது.

எப்போக்சியைச் சேர்த்தால் 260 டிகிரி வரை வலுவைக் காக்கும் பசை கிடைக்கும். அமெரிக்காவின் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகம் 1950களில் இதில் நிறைய உழைத்தது. அதற்கு மேலே சிலிக்கன், போரான் சேர்த்த வகைகளும் உண்டு.

முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயையும் விட்டுவிடக் கூடாது. அதிலுள்ள கார்டனால் ஒருவகை ஃபீனால்தான். கூடவே பதினைந்து கார்பன் நீளமுள்ள வால் ஒன்று தொங்கும். அந்த வால் பிசினுக்கு நெகிழ்வைக் கொடுக்கும். லைனிங்கின் உரசும் கலவையிலேயே இதைத் தூளாக்கிச் சேர்க்கிறார்கள். பச்சை முந்திரிக் கொட்டையை வெறுங்கையால் உடைத்தவர்களுக்கு அந்த எண்ணெய் தோலை எப்படிப் புண்ணாக்கும் என்று தெரியும். அதே எண்ணெய் வாகன பிரேக்கில் வேலை செய்கிறது என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும்.

கொதிகலன்_அண்ணன் எழுதியது:

டீச்சர், அருமை. செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன் நான். சூட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன். நைட்ரைல் 150, எப்போக்சி சேர்த்தது 260 என்றால், 260ஐயே பிரேக்குக்குப் போட வேண்டியதுதானே? கூடுதலாகத் தாங்குவதை விட்டுவிட்டுக் குறைவானதை ஏன் எடுக்கிறார்கள்? விலை மட்டும்தான் காரணமா?

வானூர்தி_மெக்கானிக் எழுதியது:

டீச்சருக்கு முன்னால் நான் பதில் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். விமானப் பராமரிப்பில் ஒட்டுப் பகுதிகளைப் பார்ப்பது என் வேலை.

அண்ணே, 260 என்ற எண் ஒரு குறிப்பிட்ட சோதனைக்கு உரியது. இரண்டு தகடுகளை ஒட்டி, பக்கவாட்டில் மெல்ல இழுத்து, எவ்வளவு விசையில் விடுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த இழுப்பில் எப்போக்சி-ஃபீனாலிக் அசையாது. அதே தகட்டின் ஒரு முனையை மடக்கி உரித்துப் பாருங்கள், எளிதில் விட்டுவிடும். அடித்தாலும் அப்படித்தான். பிரேக் ஷூ அடி வாங்கும், அதிரும், சூடாகிக் குளிரும். அதற்கு உரிதலைத் தாங்குவதே முதல் தகுதி.

எத்தனை மணி நேரம் என்பதும் உண்டு. 260 டிகிரியில் சில நூறு மணி நேரம் நிற்கும் பசை ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று பொருளில்லை. பக்கத்தில் நேரம் எழுதாத வெப்ப எண்ணை நான் நம்புவதேயில்லை.

உலோகங்களை ஒட்டுவதில் முதல் பெரிய வெற்றி பெற்றதும் வெப்பத்தை அதிகம் தாங்காத வகைதான். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் நார்மன் டி புரூய்ன் 1941இல் உருவாக்கிய ரிடக்ஸ் பசை அது. உலோகத்தில் ஃபீனாலிக் திரவத்தைத் தடவி, அதன் மேல் பாலிவினைல் ஃபார்மால் தூளைத் தூவி, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் அரை மணி அழுத்தி வைப்பார்கள். 70, 80 டிகிரிக்கு மேல் அதன் வலு இறங்கும். ஆனாலும் டி ஹாவிலண்ட் ஹார்னெட் போர் விமானத்தில் மரத்தையும் அலுமினியத்தையும் அதுதான் சேர்த்துப் பிடித்தது. 1949இல் முதலில் பறந்த காமெட் ஜெட் விமானத்திலும் அது உண்டு.

ஹார்னெட் நம் மண்ணில் பறந்த விமானம். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1951 முதல் 1955 வரை, மலாயாக் காடுகளின் மேல் இயங்கியது. பட்டர்வொர்த் விமானத்தளத்திலும் அவை நிறுத்தப்பட்டிருந்தன. நம் வெயிலையும் ஈரத்தையும் பார்த்த பசை அது.

வேதியியல்_ஆசிரியை எழுதியது:

திருத்த ஒன்றுமில்லை தம்பி. ஒன்று சேர்க்கிறேன். எப்போக்சி-ஃபீனாலிக்கை அலுமினியத்தில் ஒட்டியபோது நீண்ட நேரச் சூட்டில் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதே பசை எஃகில் வேகமாகக் கெட்டது. இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பசையின் சிதைவைத் தூண்டுகிறது. அதைத் தடுக்க உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் சேர்மங்களைப் பசையில் கலந்தார்கள். ஷூ எஃகால் ஆனது என்பதை மறக்க வேண்டாம். எந்த உலோகத்தின் மேல் என்று சொல்லாத எண்ணும் முழுமையான எண் இல்லை.

கொதிகலன்_அண்ணன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் நான் மாறமாட்டேன். டிரம் 300க்குப் போகிறது என்றால் 150க்கான பசையை நம்பி ஒட்டுவதைவிட ரிவிட் அடிப்பதே நல்லது. பசை எவ்வளவு நல்லதானாலும் கண்ணுக்குத் தெரியாது. ரிவிட் தெரியும்.

தாப்பா_பட்டறை எழுதியது:

அண்ணே, ரிவிட்டிலும் ஒரு குறை உண்டு. லைனிங் தேய்ந்து ரிவிட் தலை டிரம்மைத் தொட்டால் டிரம்மே கீறிப்போகும். அதனால் முழுத் தடிமனையும் பயன்படுத்த முடியாது. துளை போட்ட இடத்தில் விரிசலும் விழும். ஒட்டிய லைனிங்கை அடிவரை பயன்படுத்தலாம்.

கழன்ற ஷூவை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இரும்பின் முகம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது. ஓரத்தில் மட்டும் பழுப்புத் திட்டு. பசை முழுவதும் லைனிங்கின் முதுகில் ஒரே தோலாக ஒட்டியிருக்கிறது. தோல் வழவழப்பாக, கண்ணாடி போல் மின்னுகிறது. இரும்பில் பழைய சாணைக் கல் விட்ட கோடுகள் அந்தப் பசைத் தோலின் மேல் அச்சாக விழுந்திருக்கின்றன. ஷூவின் நடுப்பகுதிக்கு நேரே ஊசி முனை அளவில் ஏராளமான குழிகள். இரண்டு முனைகளிலும் குழிகள் இல்லை. எங்கும் கருகல் இல்லை.

வானூர்தி_மெக்கானிக் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பசை சூட்டினால் விட்டதன்று.

சூட்டினால் விட்டிருந்தால் பசை கறுத்துப் பொடியாகி, இரண்டு முகத்திலும் பாதி பாதியாக ஒட்டியிருக்கும். பசைக்குள்ளேயே பிளந்திருக்கும். உங்கள் ஷூவில் பசை முழுதாக இருக்கிறது, இரும்பை மட்டும் விட்டிருக்கிறது. சாணைக் கோடுகளின் அச்சு விழுந்திருப்பதால் பசை திரவமாக இரும்பைத் தொட்டது உண்மை. தொட்டும் பிடிக்கவில்லை. இரும்பின் மேல் எண்ணெய்ப் படலமோ துருவோ இருந்திருக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துப் பசைத் தோலின் மேல் அழுத்தித் தேயுங்கள். நன்றாக இறுகிய ஃபீனாலிக் துணியில் நிறம் விடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம்.

பலகை_ஆலை எழுதியது:

அந்த ஊசிக் குழிகளைப் பற்றி நான் சொல்கிறேன். ஃபீனாலிக் இறுகும்போது பாலத்துக்குப் பாலம் தண்ணீர் வெளியே வரும். சூட்டில் அது நீராவியாகும். எங்கள் அழுத்தியில் ஈரம் அதிகமான பலகையை வைத்துவிட்டு அவசரமாகத் திறந்தால், உள்ளே அடைபட்ட ஆவி அடுக்குகளைப் பிளந்துகொண்டு டமார் என்று வெளியே வரும். பலகையின் நடுவில் கொப்புளம் எழுந்து நிற்கும். உங்கள் ஷூவின் நடுவில் நடந்தது அதன் சிறிய வடிவம். முனைகளில் பிடி இறுகியிருக்கிறது, நடுவில் அழுத்தம் போதவில்லை.

கொதிகலன்_அண்ணன் எழுதியது:

ஆவி என்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள். எங்கள் ஆலையில் குலையை அவிக்கும் கலன் மானியில் 3 பார் அழுத்தம் காட்டும் அளவில் ஓடும். உள்ளே 143 டிகிரி. 150 டிகிரி ஆவிக்கு மானியில் 3.8 பார் காட்டும். 180 டிகிரிக்கு 9 பார். 200 டிகிரிக்குப் பதினான்கரை. பசைக்குள் தண்ணீர் இருந்தால் இதே அழுத்தத்தோடு உள்ளிருந்து தள்ளும். வெளியிலிருந்து அதைவிடப் பலமாக அழுத்தினால்தான் குமிழி எழாது. சாதாரணக் கைப்பிடிக் கிளாம்ப் இரண்டைப் போட்டு வளைந்த ஷூவை அழுத்தினால் முனையில் பலம் சேரும், நடுவில் சேராது.

நான் முதலில் சூட்டு எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம்தான் இங்கே கேள்வி என்று இப்போது படுகிறது.

தாப்பா_பட்டறை எழுதியது:

அசிட்டோன் துணி நல்ல பழுப்பாகிவிட்டது. பசையின் மேல்தோல் பிசுபிசுத்தது.

வானூர்தி_மெக்கானிக் எழுதியது:

அப்படியானால் பசை முழுதாக இறுகவேயில்லை. நைட்ரைல்-ஃபீனாலிக் இறுக 150 முதல் 200 டிகிரி வேண்டும். அந்தச் சூடு பசை அடுக்குக்கு வர வேண்டும். ஓவனின் மானி 180 காட்டுவதால் பசை 180இல் இருக்கிறது என்று ஆகாது. கனமான எஃகு மெல்லத்தான் சூடேறும். வெப்ப உணரியின் கம்பியைப் பசை அடுக்கின் ஓரத்தில் செருகி, அங்கே சூடு எட்டிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். பெரும்பாலான கோளாறு இந்த ஒரு படியில்தான் நடக்கிறது. ஓவனில் ஷூக்களை நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பவை எப்போதும் பின்தங்கும்.

"200 டிகிரி தாங்கும்" என்று அவர்கள் சொன்னது அந்தப் பசைக்குப் பொருந்தலாம். முறைப்படி இறுகிய பசைக்கு மட்டும்.

மலைச்சாலை_லாரி எழுதியது:

இவ்வளவும் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்யவில்லையா? மனம் கொதிக்கிறது. அந்த வேனில் பிள்ளைகளும் ஏறுவார்கள்.

தாப்பா_பட்டறை எழுதியது:

அண்ணே, வேன்காரர் கடைக்காரரிடமே ஷூவைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறார். அதை அவர் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு வேறொரு கேள்வி. லைனிங் ஒட்டும் வேலையை நாங்களே முறைப்படி எடுத்துச் செய்யலாமா? அப்பாவுக்கு விருப்பம் இருக்கிறது. என்னென்ன வேண்டும்?

பலகை_ஆலை எழுதியது:

ரெசார்சினால் சேர்த்த ஃபீனாலிக் என்று ஒன்று உண்டு. ஓவனே வேண்டாம், அறைச் சூட்டில் இறுகிவிடும். பெரிய மர உத்திரங்களும் படகுகளும் ஒட்டுகிறார்கள். அதை முயன்றால் செலவு குறையுமே?

வேதியியல்_ஆசிரியை எழுதியது:

மரத்துக்கு அது மிக நல்ல பசை. எஃகுக்கு வேண்டாம். வளையும் துணை அதில் இல்லை, முன்பு சொன்ன விரிசல் சிக்கல் அப்படியே வரும். ரெசார்சினாலை மற்ற துணைகளோடு சேர்த்து பிரேக்குக்கென்றே செய்த பசைகள் உண்டு.  அவற்றையும் அடுப்பில் வைத்துத்தான் இறுக்குவார்கள்.

வானூர்தி_மெக்கானிக் எழுதியது:

பட்டறைத் தம்பிக்கு. பழைய ஷூவில் மிச்சமிருக்கும் பசையை முழுதாக எடுக்க வேண்டும். எண்ணெய் போகக் கழுவி, மணல் பீய்ச்சிச் சீரான சாம்பல் நிறம் வரும்வரை சுரசுரப்பாக்கி, மறுபடியும் கழுவி, அன்றே பசை பூச வேண்டும். தாப்பாவின் ஈரக்காற்றில் புதிதாகத் திறந்த எஃகு சில மணி நேரத்தில் துருவத் தொடங்கிவிடும். விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பட்டறையில் எல்லாருக்கும் உண்டு. அந்த விரல் ரேகையே பசைக்கு எதிரி.

பூசிய பசையிலுள்ள கரைப்பான் முழுதாக உலர வேண்டும். ஈரமாக அழுத்தினால் அதுவும் குமிழியாகும். பிறகு ஷூவின் வளைவு முழுவதையும் சுற்றி இறுக்கும் எஃகுப் பட்டை, பலம் குறையாமல் தொடர்ந்து அழுத்தும் ஸ்பிரிங்கோடு. அதோடு அப்படியே ஓவனுக்கு.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், ஒட்டிய தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. லைனிங்கைப் பக்கவாட்டில் தள்ளி எவ்வளவு விசையில் விடுகிறது என்று அளக்க ஐ.எஸ்.ஓ. 6312 என்ற முறை இருக்கிறது. நல்ல ஒட்டில் லைனிங்தான் உடையும், பசை விடாது. உடைந்த இடத்தில் எஃகின் முகம் வெளியே தெரிந்தால் அந்தத் தொகுதியே போகக் கூடாது.

வேதியியல்_ஆசிரியை எழுதியது:

இன்னொன்று, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயை வைத்து ஊதும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த லைனிங்கைச் சாணை பிடிக்காதீர்கள்.

ஃபீனாலிக்கை ஓவனில் இறுக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஓவனுக்குத் தனிப் புகைபோக்கி இல்லாமல், அப்பாவும் நீங்களும் நின்று வேலை செய்யும் அதே கூரையின் கீழ் இதை வைப்பதை நான் ஒப்பமாட்டேன். இறுகாத பசையில் எஞ்சியிருக்கும் ஃபீனால் தோலைப் பொசுக்கும். முதலில் மரத்துப்போவதால் வலி தாமதமாகத்தான் தெரியும்.

கொதிகலன்_அண்ணன் எழுதியது:

மணல் பீய்ச்சி, பட்டை, ஓவன், வெப்ப உணரி, புகைபோக்கி, உடைத்துப் பார்க்கும் கருவி. சிறு பட்டறைக்கு இது தாங்குமா? தாங்காத வேலையைப் பாதி செய்வதைவிட, ஆலையிலேயே ஒட்டி வரும் ஷூவை வாங்கிப் போடுவதே நேர்மையான தொழில். ரிவிட் வகைக்கு மட்டும் நீங்கள் லைனிங் மாற்றலாம்.

தாப்பா_பட்டறை எழுதியது:

அப்பாவும் இதையே சொன்னார். ஒட்டும் வேலையை நாங்கள் எடுக்கவில்லை. வேனுக்கு ஆலையில் ஒட்டிய புதிய ஷூக்களை, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டோம். டீச்சரின் தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும் வேன்காரர் எப்போக்சியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஒட்டிய லைனிங் உள்ளே விட்டிருக்கிறதா என்று உடைக்காமல் அறிய வழி உண்டா? புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனைக்குப் போகும் முன் பலர் எங்களிடம்தான் பிரேக்கைப் பார்க்கக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சோதனை பிரேக்கின் விசையை அளக்கும். பசை அடுக்கைப் பிரித்துக் காட்டாது.

வானூர்தி_மெக்கானிக் எழுதியது:

தட்டிப் பாருங்கள். ஷூவைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, சிறிய சுத்தியலின் முனையால் லைனிங்கின் மேல் விளிம்பிலிருந்து விளிம்புவரை மெல்லத் தட்டுங்கள். பிடித்த இடம் தெளிவாக ஒலிக்கும். விட்ட இடம் மந்தமாக, பொத்தென்று கேட்கும். விமானத்தில் தேன்கூட்டுப் பலகைகளுக்கு இன்றும் இதைச் செய்கிறோம். இரைச்சலில்லாத நேரத்தில் செய்யுங்கள். பிறகு விளிம்பு முழுவதும் இடைவெளி அளக்கும் மிக மெல்லிய தகடான தகட்டுமானியை நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் அந்த ஷூ வேண்டாம்.

இந்தச் சோதனை ஒட்டு விட்ட இடத்தைக் காட்டும். ஒட்டிக்கொண்டே பலவீனமாக இருக்கும் இடத்தைக் காட்டாது. அதை வாங்கும் இடத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலை_லாரி எழுதியது:

தம்பி, மலைக்குப் போகும் வேன்காரர்கள் காலையில் சரக்கு ஏற்றும் இடத்தில் கூடுவார்கள். உங்கள் பட்டறையில் தட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் சொல்லிவிடுகிறேன். கூலி எவ்வளவு என்று எழுதுங்கள்.

தாப்பா_பட்டறை எழுதியது:

தட்டிப் பார்க்கக் கூலி வேண்டாம் அண்ணே, டிரம் கழற்றி மாட்டும் கூலி மட்டும் கொடுத்தால் போதும். இன்று வந்த ஒரு சிறு லாரியின் இடது பின் ஷூ கீழ்ப்பாதியில் மந்தமாக ஒலித்தது. தகட்டுமானியும் நுழைந்தது. ஷூவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளை லைனிங்கைப் பெயர்த்துப் படம் போடுகிறேன். பசை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.